கவுன்சில் அனுப்பும் அமலாக்க அறிவித்தல்: இங்கிலாந்தில் வீடு வைத்திருப்போர் அறிய வேண்டியவை

இங்கிலாந்தில் திட்டமிடல் அனுமதி பெறாமல் கட்டுவதோ வீட்டின் பயன்பாட்டை மாற்றுவதோ அந்த அளவிலேயே குற்றமாகிவிடுவதில்லை. பட்டியலிடப்பட்ட மரபுக் கட்டடம், பாதுகாக்கப்பட்ட மரம் போன்ற சிலவற்றுக்கே அது பொருந்தாது. கவுன்சில் முறைப்படி விடுக்கும் அமலாக்க அறிவித்தலுக்கு உரிய தவணைக்குள் இணங்காதிருப்பதே குற்றம். இந்த வேறுபாடு தெரியாமல் நம்மவர் சிலர் முதற் கடிதத்தைக் கண்டதும் கலங்குகிறார்கள். வேறு சிலர் அதைப் பிரிக்காமலே லாச்சிக்குள் வைத்துவிடுகிறார்கள், இதுவே பெரிய ஆபத்து.

விசாரணை பெரும்பாலும் அயலவரின் முறைப்பாட்டில் தொடங்கும். 1990ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டத்தின்படி, நடவடிக்கை எடுப்பது தகுமா என்பதைக் கவுன்சிலே தீர்மானிக்கிறது. சிறிய மீறலை விட்டுவிடலாம், கட்டிய பின்னராவது விண்ணப்பிக்கும்படி கேட்கலாம். விவரம் கோரும் அறிவித்தல் வந்தால் 21 நாட்களுக்குள் பதில் எழுத வேண்டும். பதில் தராதிருப்பதும் தெரிந்தே பொய் எழுதுவதும் குற்றங்கள்.

அமலாக்க அறிவித்தலில் மீறல் எது, என்ன செய்ய வேண்டும், எவ்வளவு காலத்துக்குள் என்பவற்றோடு அது நடைமுறைக்கு வரும் நாளும் இருக்கும். அந்த நாள், அறிவித்தல் கையளிக்கப்பட்டு குறைந்தது 28 நாட்களுக்குப் பிறகே வரலாம். முதலில் பார்க்க வேண்டியது இந்த நாளைத்தான். அதற்கு முன்பே மேன்முறையீடுகளை விசாரிக்கும் திட்டமிடல் அமைப்பிடம் (Planning Inspectorate) மேன்முறையீடு செய்தால் முடிவு வரும்வரை அறிவித்தல் நிறுத்திவைக்கப்படும், ஒரு நாள் பிந்தினாலும் மேன்முறையீடு ஏற்கப்படாது. இணங்காதவருக்கு நீதிமன்றம் விதிக்கும் அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. கவுன்சில் தானே இடித்துச் செலவை அறவிடவும் முடியும்.

நம் வீடுகளில் அதிகம் சிக்கல் தருவது பின்வளவில் கட்டும் அறைதான். எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் இருந்தால் உயரம் 2.5 மீட்டரைத் தாண்டாமல், வீட்டின் துணைத் தேவைக்காக மட்டும் கட்டும் அறைக்குப் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. அதே அறையில் சமையலறையும் குளியலறையும் வைத்துத் தனிக் குடியிருப்பாக வாடகைக்கு விட்டால் அந்தச் சலுகை போய்விடுகிறது.

“நான்கு வருடம் கடந்தால் கவுன்சில் ஒன்றும் செய்யாது” என்று இன்றும் சொல்கிறார்கள். 2024 ஏப்ரல் 25 முதல் இந்தக் காலம் பத்து ஆண்டுகள். அந்த நாளுக்கு முன்பே பெரும்பாலும் கட்டி முடிந்தவற்றுக்கும் தனிக் குடியிருப்பாக மாற்றப்பட்டுவிட்டவற்றுக்கும் மட்டும் பழைய நான்கு ஆண்டுகள் பொருந்தும். ஒளித்துக் கட்டியவருக்கு இந்தக் கால எல்லை காப்பாகாது. சரே மாவட்டத்தில் ஒருவர் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் பெரிய வீடு கட்டி, நான்கு ஆண்டுகள் கடந்த நம்பிக்கையில் 2006இல் திரையை அகற்றினார். மறைப்பை அகற்றும்வரை கட்டட வேலை முடியவில்லை என்று நீதிமன்றம் ஏற்றது. வீடு 2016இல் இடிக்கப்பட்டது.

அமலாக்க அறிவித்தல் நிலத்தைத் தொடர்ந்து செல்லும். விற்றாலும் புதிய உரிமையாளரை அது கட்டுப்படுத்தும். ஆகவே வீடு வாங்குமுன் கவுன்சில் வைத்திருக்கும் அமலாக்கப் பதிவேட்டைப் பார்க்கும்படி உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். அதைப் பார்வையிடப் பொதுமக்களுக்கு உரிமை உண்டு.