நீர் இறங்கும் விளிம்பு

தைப்பொங்கல் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை, பொழுது விடியுமுன் யாழ்ப்பாணத்துச் சரசாலைக் குருவிக்காட்டுப் பக்கம் போய் நின்றால் முதலில் பறவை தெரியாது. மணம்தான் தெரியும். கூழ்முட்டை மணம். நீர்ப்பறவைகளை எண்ணப் புதிதாக எங்களுடன் வரும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவர்களுக்கு நான் பறவையைக் காட்டுவதற்கு முன் அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் காட்டுவேன். அங்கே கூடும் பறவைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சாப்பாடு அதற்குள்தான் இருக்கிறது.

மண்வெட்டியால் நீரேரிக் கரையில் ஒரு துண்டுச் சேற்றை உடையாமல் வெட்டி எடுத்துத் தட்டில் வைத்துப் பாருங்கள். மேலே நகத்தின் பருமனுக்குப் பழுப்பு நிறம். அதன் கீழே மை போன்ற கறுப்பு. நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் அந்தப் பழுப்புப் படலம் வரைக்குந்தான் இறங்குகிறது. அதற்குக் கீழே வாழும் பற்றீரியாக்கள் ஒட்சிசன் இல்லாமலே பிழைக்கக் கற்றவை. கடல்நீரிலுள்ள சல்பேற்றைக் கொண்டு அவை மட்கிய இலைதழைகளை உடைக்கின்றன. அப்போது வெளியாகும் ஐதரசன் சல்பைட்டு வாயுதான் அந்தக் கூழ்முட்டை மணம். அது சேற்றிலுள்ள இரும்போடு சேரும்போது கறுப்பு நிறம் உண்டாகிறது.

இனி அந்தக் கறுப்பை உற்றுப் பாருங்கள். ஊசி குத்தியது போலச் சிறு துளைகள் தெரியும். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் மெல்லிய துருநிற வளையம். உள்ளே ஒரு புழு இருக்கிறது, அல்லது இருந்திருக்கிறது. புழு தன் உடலை அலைபோல நெளித்து மேலுள்ள நீரைத் துளைக்குள் இழுக்கிறது. நீரோடு ஒட்சிசனும் உள்ளே போகிறது. அது பட்ட இடத்தில் இரும்பு துருப்பிடிக்கிறது. அந்த வளையம் ஓர் உயிரின் மூச்சுத் தடம். எத்தனை ஆண்டுகள் பார்த்தாலும் எனக்கு அது வியப்பாகவே இருக்கிறது.

பழுப்புப் படலத்துக்கும் கறுப்புச் சேற்றுக்கும் இடைப்பட்ட எல்லையில் இன்னொரு வேலையும் நடக்கிறது. நம் வெங்காயத் தோட்டத்துக்கும் புகையிலைத் தோட்டத்துக்கும் இடும் பசளையில் பயிர் எடுத்தது போக மிஞ்சும் நைதரசன், நைத்திரேற்றாக மாறி மழைநீரோடு கரைந்து வருகிறது. ஒட்சிசன் இல்லாத சேற்றிலுள்ள பற்றீரியாக்கள் அந்த நைத்திரேற்றை வெறும் நைதரசன் வாயுவாக்கிக் காற்றிலேயே திருப்பி விட்டுவிடுகின்றன. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பது நமக்குப் பழைய கவலை. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தோட்டத்துக்கும் கடலுக்கும் நடுவில் சேறு கிடப்பது நம் நன்மைக்குத்தான்.

சேற்றுக்கு மேலே நிற்கும் நீரும் கவனிக்க வேண்டியது. யாழ்ப்பாணம் சுண்ணக்கல் மேல் இருக்கும் நிலம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழுகிறது. ஒக்ரோபரில் தொடங்கி டிசெம்பர் வரை பெய்யும் மழைதான் ஆண்டு முழுவதற்குமான கையிருப்பு. அந்த மழை கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிடச் சற்றுக் கனமானது. ஆயிரத்துக்கு ஏறக்குறைய 25 பங்கு. இந்தச் சிறு வித்தியாசத்தால், நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்து நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் தங்குகிறது. மேலே ஓர் அடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 அடி ஏறும். தொண்டைமானாற்றிலும் அரியாலைப் பக்கம் உப்பாற்றிலும் தடுப்பணைகள் கட்டியதன் நோக்கம், மழைநீரைக் கடலுக்கு விடாமல் தேக்கி அந்த உப்பை அமர்த்தி வைப்பதுதான்.

மாரி முடியும்போது நீரேரி ததும்பி நிற்கும். அதன்பின் வெயிலும் காற்றும் நீரைக் குடிக்கத் தொடங்கும். ஜனவரியில் ஒரு விளிம்பு, பெப்ரவரியில் அதற்கு உள்ளே இன்னொரு விளிம்பு, பங்குனியில் வெடித்த தரை, ஆடியில் உப்புப் பூத்த வெண்மை. கிழமைக்குக் கிழமை நீர் பின்வாங்குகிறது. பின்வாங்கும் ஒவ்வொரு முறையும், அதுவரை எந்தப் பறவையின் அலகும் எட்டாத புதுச்சேறு வெளிப்படுகிறது. ஒரே நாளில் நீர் முழுவதும் வற்றினால் ஒரு வாரத்தில் எல்லாம் தின்று தீர்ந்துவிடும். வற்றாமலே நின்றால் நீந்தாத பறவைக்கு இடமில்லை. மெல்ல இறங்குவதால்தான் பல மாதத்துக்குப் பந்தி நடக்கிறது.

பந்தியில் யார் எங்கே உட்காருவது என்பதைக் காலும் அலகும் தீர்மானிக்கின்றன. ஈரம் மட்டும் உள்ள தரையில் உப்புக்கொத்தி ஓடும். அதற்கு அலகு குட்டை, கண் பெரிது. ஓடி நின்று, மேலே அசைவதைப் பார்த்துக் கொத்தும். விரல் நனையும் நீரில் கொசு உள்ளான். அதன் அலகு 2 சென்ரிமீற்றர்கூட இல்லை. இன்னும் உள்ளே பவளக்காலி, பின் நெடுங்கால் உள்ளான், மூக்கன். கோட்டானின் (ஆந்தை அல்ல, இதே பெயருள்ள கரைப்பறவை) வளைந்த அலகு ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் நீளும். மற்றவைக்கு எட்டாத ஆழத்துப் புழுவும் நண்டும் அதற்கே உரியவை. ஆழமான நீரில் ஊசிவால் வாத்தும் நாமத்தலை வாத்தும். அதற்கும் அப்பால் கூழைக்கடா.

உள்ளான்கள் சேற்றுக்குள் இருக்கும் இரையைக் கண்ணால் காண்பதில்லை. அவற்றின் அலகு நுனியின் எலும்பில் தேன்கூடு போல நிறையக் குழிகள் உண்டு. அக்குழிகளில் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நரம்பு முனைகள் நெருங்கி இருக்கின்றன. அலகு இறங்கும்போது ஈரச்சேற்றில் பரவும் அழுத்தம் ஒரு சிப்பியில் மோதினால் அந்த வேறுபாடு நுனிக்குத் தெரிந்துவிடும். அது மட்டுமல்ல, முழு வாயையும் திறக்காமல் மேலலகின் நுனியை மட்டும் தூக்க உள்ளானால் முடியும். சேற்றுக்குள் புதைந்திருக்கும்போதே இரையைப் பிடித்து இழுக்க அது உதவுகிறது.

பூநாரையின் முறை முற்றிலும் வேறு. மண்டைதீவுப் பக்கமோ ஆனையிறவுப் பக்கமோ பஸ்ஸில் போகிறவர்கள் அவை தலைகீழாகக் குனிந்து நிற்பதைப் பார்த்திருப்பார்கள். அலகைக் கவிழ்த்து நீருக்குள் வைத்து, தடித்த நாக்கை உந்துதண்டு போல முன்னும் பின்னும் நொடிக்குப் பலமுறை அசைக்கிறது. நீர் உள்ளே வந்து வெளியே போகிறது. அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் பற்கள் பாசியையும் நுண்ணிய கூனிகளையும் வடித்து எடுத்துக்கொள்கின்றன. அந்த உணவிலிருக்கும் கரோட்டினொயிட் நிறமிதான் இறகில் ஏறுகிறது. அதனால்தான் குஞ்சு பொரிக்கும்போது சாம்பலாக இருக்கிறது. சில நேரம் ஒரு பூநாரை தலையை நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் காலால் மிதித்து மிதித்துச் சேற்றைக் கலக்கும். நீர் வற்றியபின் அந்த இடத்தில் வட்டவட்டமான தடங்கள் கிடக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வட்டங்களைத் தேடுவது பெரிய மகிழ்ச்சி.

இனித் தொண்டர் வேலைக்கு வருவோம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி நடுப்பகுதியில் பல நாடுகளில் ஒரே காலத்தில் நடக்கிறது. ஏன் ஜனவரி? சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வரும் பறவைகள் அப்போது வந்து சேர்ந்து, திரும்பிப் போகத் தொடங்காமல் ஓரிடத்தில் தங்கியிருக்கும். ஒரே பறவையை இரண்டு ஊர்களில் எண்ணும் வாய்ப்பு குறைவு.

பத்தாயிரம் வாத்தை எப்படி எண்ணுவது என்று கேட்பார்கள். முதலில் பத்தை எண்ணுங்கள், ஒவ்வொன்றாக. தொலைநோக்கியில் அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். அதேபோலப் பத்து அடைத்தால் நூறு. அந்த நூறைக் கூட்டத்தின் மேல் படி போட்டு அளப்பது போல வைத்துக்கொண்டே போங்கள். இருவர் தனித்தனியே எண்ணி, ஒருவர் தொகை மற்றவருக்குத் தெரியாமல் எழுத வேண்டும். பெரிய கூட்டத்தைக் கண்ணால் மதிக்கும்போது மனிதர் பெரும்பாலும் குறைத்தே சொல்கிறார்கள். தொகை சற்றுக் கூடுதலாகத் தோன்றினால் உடனே அடித்துத் திருத்த வேண்டாம் என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஆண்டுதோறும் அதே இடம், அதே நேரம், அதே முறை. ஓர் ஆண்டுத் தொகை பெரிதாக ஒன்றும் சொல்லாது. பத்து ஆண்டுத் தொகை சொல்லும்.

அந்த எண்ணுக்குச் சட்ட வலுவும் உண்டு. ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கையின்படி, ஓரிடத்தில் வழமையாக 20,000 நீர்ப்பறவைகள் தங்கினால், அல்லது ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் 100இல் 1 பங்கு தங்கினால், அது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள இடமாகக் கருதத் தகுதி பெறும். இலங்கையில் முதலில் அப்படி அறிவிக்கப்பட்டது 1990இல் பூந்தல. வடக்கில் மன்னார் வங்காலைக்கு 2010இல் அந்த மதிப்புக் கிடைத்தது. சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் பெரும்பகுதிக்கு அப்படி எந்தக் காவலும் இல்லை. அதனால்தான் சனசமூக நிலையத்துப் பிள்ளைகள் கொப்பியில் எழுதும் தொகை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கணக்கெடுப்பு ஆண்டுக்கு ஒரு காலை. மற்ற நாள்களின் வேலை குப்பை பொறுக்குவது, வலை எடுப்பது. சேற்றில் புதைந்து கிடக்கும் தங்கூசி (மெல்லிய நைலோன் இழை) வலைத் துண்டு கண்ணுக்கே தெரியாது, மட்கவும் மட்காது. ஒருமுறை ஒரு நெடுங்கால் உள்ளானின் இரு கால்களிலும் அது சுற்றியிருந்தது. நான் பதறி இழுக்கப் போனபோது, கூட நின்ற வயதான கடற்றொழிலாளி ஒருவர் கையைத் தடுத்தார். "தம்பி, முதலில் தலையை மூடும். இருட்டானால் அடங்கிவிடும்" என்றார். தோளில் கிடந்த துண்டை அதன் தலைமேல் போட்டார். படபடப்பு அடங்கியது. பிறகு பிளேட்டால் இழை இழையாக அறுத்தோம். காலில் இழை இறுகிய இடம் சிவந்து தடித்திருந்தது. விட்டதும் இரண்டடி நடந்து, நின்று, பறந்தது.

ஆனால் பறவைக்குப் பெரும்பாலும் நாம் செய்யக்கூடிய நன்மை, கிட்டப் போகாமல் இருப்பதே. பறப்பது பறவைக்குச் செலவு மிகுந்த வேலை. ஓய்வாக நிற்பதைவிடப் பல மடங்கு சக்தி போகும். பங்குனியில் வடக்கே கிளம்புமுன் உள்ளான்கள் இரவும் பகலும் தின்று கொழுப்பைச் சேர்க்கின்றன. சில இனங்களில் உடல் எடை ஏறக்குறைய இரு மடங்காகும். அந்தக் கொழுப்புத்தான் பல ஆயிரம் கிலோமீற்றருக்கு எரிபொருள். நல்ல படம் வேண்டும் என்று கூட்டத்தை எழுப்புகிறவரும், வேடிக்கைக்கு டிரோன் விடுகிறவரும், கட்டில்லாமல் நாயை ஓடவிடுகிறவரும் அந்தத் தாங்கியில் ஓட்டை போடுகிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது உண்மை.

மரம் நடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்டல் நல்லது, அலையைத் தடுக்கும், மீன்குஞ்சுக்குத் தொட்டிலாகும், கொக்குக்குக் கூடு கட்டக் கிளை தரும். அழிந்த கண்டலை அது இருந்த இடத்தில் மீட்பதை மனமார ஆதரிக்கிறேன். ஆனால் திறந்த சேற்றுவெளியை வெற்றிடம் என்று நினைத்து நாற்று நடுவது தவறு. சில ஆண்டுகளுக்கு முன் நாங்களும் அப்படி நட்டோம். பெரும்பாலானவை உப்பிலும் வெள்ளத்திலும் செத்தன. பிழைத்த கொஞ்ச மரங்கள் வளர்ந்த பக்கம் உள்ளான் இறங்குவதில்லை. நாலு பக்கமும் பார்வை விரிந்த இடத்தில்தான் அது தலையைக் குனிந்து மேயும்; மறைவு இருந்தால் பைரி என்னும் வேட்டைப்பறவை பாய்ந்துவிடுமே என்ற அச்சம் அதற்கு.

தை, மாசி கழிந்து விருந்தாளிகள் போனபின் தரவையில் மிஞ்சும் பறவைகளில் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கரையோர வெளியில் ஓடித் திரியும் ஒரு சின்ன உப்புக்கொத்தியை நெடுங்காலம் பல நாடுகளில் உள்ள கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு பிரிவு என்றே எண்ணியிருந்தார்கள். 2023இல் வெளியான ஆய்வு, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் இது தனி இனம் என்று காட்டியது. இராமர் அணைப் பகுதியை நினைவில் வைத்து அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்தார்கள். விருந்தாளி அல்ல, நம் மண்ணிலேயே முட்டையிடுவது.

கூடு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. வெறுந்தரையில் காலால் பறித்த சிறு குழி, அதில் சிப்பித் தூள், இரண்டு மூன்று முட்டைகள். மண்ணின் நிறமும் முட்டையின் நிறமும் ஒன்று. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு அது தெரிய வழியே இல்லை. நண்பகலில் இந்த வகை உப்புக்கொத்திகள் முட்டையைச் சூடாக்க அல்ல, வெயிலிலிருந்து மறைக்கவே அதன்மேல் நிற்கின்றன. இடையில் நீர்விளிம்புக்கு ஓடி, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு திரும்பி வந்து முட்டையைக் குளிர வைக்கும் வழக்கமும் அவற்றுக்கு உண்டு. ஆள் நிற்பதைக் கண்டு திரும்பாமல் விட்டால், முட்டை வெயிலில் கிடந்து கெட்டுவிடும். ஆகவே கூடு இருக்கும் பகுதியை வண்டி போகாமல் தடியும் கயிறும் கட்டி மறித்துவிட்டு, நாங்கள் தொலைவிலேயே நின்றுகொள்கிறோம்.

குஞ்சு பொரித்து இறகு உலர்ந்த சில மணிநேரத்தில் தானே எழுந்து நடக்கும். தாய் ஊட்டுவதில்லை. பஞ்சுருண்டை போன்ற உடலைத் தூக்கிக்கொண்டு அது ஈரத்தைத் தேடி ஓடும். முட்டையிட்ட நாளில் அருகே இருந்த விளிம்பு, அதற்குள் நெடுந்தூரம் உள்ளே போயிருக்கும்.