தைக்காமலும் நெய்யாமலும் உருவாகும் தொப்பி

தலைமுடி ஒன்றை எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நீளவாக்கில் வைத்து, விரல்களை முன்னும் பின்னுமாகத் தேய்த்துப் பாருங்கள். இரு திசைகளிலும் ஒரே அளவு தேய்த்தாலும் முடி நின்ற இடத்தில் நிற்காது. சிறிது சிறிதாக ஒரு பக்கமாகவே ஊர்ந்து செல்லும். முடியைத் திருப்பி வைத்தால் அது ஊரும் திசையும் மாறிவிடும். எப்படி வைத்தாலும் முன்னே செல்வது வேர்முனைதான். முடியின் மேற்பரப்பில் கூரை ஓடுகளைப் போல ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் நுண்ணிய செதில்களே இதற்குக் காரணம். அவற்றின் விளிம்புகள் நுனியை நோக்கி இருப்பதால், வேர்முனை முன்னே செல்லும்போது செதில்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன. நுனி முன்னே செல்ல முயன்றால் செதில்களின் விளிம்புகள் குத்தி நின்று தடுக்கின்றன.

இந்த ஒருவழி ஊர்தல் இல்லையென்றால் உருண்டையான பௌலர், உச்சியில் பள்ளம் விழுந்த ஃபெடோரா, குஞ்சம் தொங்கும் ஃபெஸ், தட்டையான பெரே என்று நாம் பெயர் சொல்லி அடையாளம் காணும் தொப்பிகளில் பெரும்பாலானவை உருவாகியே இருக்காது. அவை எல்லாம் ஏதோ ஒரு வகையில் ஃபெல்ட் என்னும் பொருளோடு தொடர்புடையவை. ஃபெல்ட்டுக்கு ஊடும் இல்லை, பாவும் இல்லை. ஈரமும் வெப்பமும் சேர்ந்த நிலையில் உரோமக் குவியலை அழுத்திப் பிசையும்போது ஒவ்வோர் இழையும் தன் வேர்முனை காட்டும் திசையில் ஊர்ந்து, மற்ற இழைகளுக்குள் புகுந்து சிக்கிக்கொள்கிறது. பின்னோக்கி வரச் செதில்கள் விடுவதில்லை. பிசையப் பிசையக் குவியல் சுருங்கி இறுகுகிறதே தவிர, ஒருபோதும் தளர்வதில்லை. கம்பளிச் சட்டையை வெந்நீரில் துவைத்துக் குழந்தைச் சட்டையாக்கியவர்கள் இதே அறிவியலை விருப்பமின்றிச் செய்து பார்த்தவர்கள்தாம்.

பண்டைய கிரேக்கர்களுக்கு இது நன்கு தெரிந்த கலை. 'பிலோஸ்' என்ற ஒரே சொல் ஃபெல்ட்டையும் அதிலிருந்து செய்த விளிம்பில்லாத கூம்புத் தொப்பியையும் குறித்தது. பயணிகள் அணிந்தது அகன்ற விளிம்புடைய 'பெடசோஸ்'. விளிம்பு வைத்ததும் வைக்காததும் என்ற இந்தப் பிரிவு அன்றே வந்துவிட்டது. பின்னால் வந்த பாணிகளில் பல இந்த இரண்டின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லலாம்.

ஆட்டுக் கம்பளியில் செய்த ஃபெல்ட் தடிப்பாகவும் கனமாகவும் இருக்கும். மெல்லியதாகவும் மழையைத் தாங்கக்கூடியதாகவும் ஒரு தொப்பி வேண்டுமென்றால் அதைவிட நுண்ணிய உரோமம் தேவைப்பட்டது. குளிர்ந்த ஆறுகளில் வாழும் பீவர் என்ற விலங்கிடம் அது கிடைத்தது. அதன் தோலில் வெளியே நீண்ட முரட்டு முடிகளும் அடியில் அடர்ந்த மென்மையான உரோமமும் உண்டு. தொப்பிக்குப் பயன்பட்டது அடி உரோமம் மட்டுமே. மேற்கு ஐரோப்பாவில் பீவர்கள் அருகிப்போனதும் வணிகர்களின் பார்வை வட அமெரிக்கா பக்கம் திரும்பியது. 1670இல் தொடங்கப்பட்ட ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் முதன்மை வணிகமே இந்தத் தோல்கள்தாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கிருந்த பழங்குடி மக்கள் உரோமம் உட்புறமாக இருக்கும்படி மேலங்கியாகத் தைத்து, மாதக்கணக்கில் உடுத்திய தோல்களுக்குப் புதிய தோல்களைவிட அதிக விலை கிடைத்தது. உடலில் உராய்ந்து உராய்ந்து நீண்ட முடிகள் உதிர்ந்து, தொப்பிக்காரர் செய்ய வேண்டிய வேலையில் பாதி ஏற்கெனவே முடிந்திருந்ததே காரணம். இந்த வணிகத்தின் பெறுமதி எவ்வளவு என்பதை 1732ஆம் ஆண்டு பிரிட்டன் இயற்றிய தொப்பிச் சட்டம் காட்டுகிறது: அமெரிக்கக் குடியேற்றங்கள் தொப்பிகளை ஏற்றுமதி செய்யக் கூடாது, அங்குள்ள ஒரு தொப்பித் தொழிலாளி இரண்டு பேருக்குமேல் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

பீவர் உரோமம் விலை உயர்ந்தது. முயல் உரோமம் மலிவானது. ஆனால் முயல் உரோமம் தானாக எளிதில் இறுகாது. இந்தக் குறையைத் தீர்க்கக் கண்டுபிடித்த வழி, தொப்பித் தொழிலின் வரலாற்றிலேயே மிகக் கொடியது. பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலைத் தோலின் மீது தேய்த்தார்கள். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதச் சங்கிலிகளைக் கந்தகப் பிணைப்புகள் ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கின்றன. கரைசல் இந்தக் கட்டுகளைத் தாக்கி, இழையின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கியது. இழைகள் எளிதில் வளைந்து ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. உலர்ந்தபின் உரோமத்தின் நுனி காரட் நிறமாக மாறியதால் தொழிலாளர்கள் இந்த வேலையைக் காரட்டின் பெயராலேயே அழைத்தார்கள்.

அதன் பிறகு நடந்ததை இன்று நினைத்தால் நடுக்கம்தான் வருகிறது. அந்த உரோமத்தை வெந்நீரிலும் நீராவியிலும் வைத்துப் பிசையும் ஒவ்வொரு கட்டத்திலும் பாதரச ஆவி வெளியேறியது. காற்றோட்டம் இல்லாத கூடங்களில் அதை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கியது, ஈறு வீங்கியது. காரணமில்லாத கூச்சமும் எரிச்சலும் மறதியும் தொற்றிக்கொண்டன. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள டான்பரி, தொப்பித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். இந்த நோய்க்கு அங்கே 'டான்பரி நடுக்கம்' என்றே பெயர். ஊரின் பெயரில் ஒரு நோய் வழங்கும் அளவுக்குப் பாதிப்பு கண்ணெதிரே இருந்தும், அமெரிக்காவில் தொப்பித் தொழிலில் பாதரசப் பயன்பாடு முடிவுக்கு வந்தது 1941 டிசம்பரில்தான். ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற மாற்றுப் பொருள்களைக் கொண்டு அதே வேலையைச் செய்ய முடிந்தது என்பது இதைவிடக் கசப்பான செய்தி.

தோலிலிருந்து வெட்டிய உரோமம் தொப்பியாக மாறும் காட்சி பார்க்க வேண்டிய ஒன்று. பழைய பட்டறைகளில் ஆளுயரத்துக்கு நெருக்கமான நீண்ட வில் ஒன்று தொங்கும். மேசைமேல் உரோமத்தைக் குவித்து வில்லின் நாணைச் சுண்டினால், அந்த அதிர்வில் இழைகள் பறந்து பிரிந்து மெல்லிய படலமாகப் படியும். இயந்திரம் வந்தபின், துளைகளிட்ட உலோகக் கூம்பு ஒன்று சுழல, உள்ளிருந்து காற்றை உறிஞ்சி, மிதக்கும் உரோமத்தை அதன்மேல் ஒட்ட வைத்து வெந்நீரைத் தெளித்தார்கள். இப்படிக் கிடைக்கும் கூம்பு, இறுதித் தொப்பியைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரியது, கைபட்டால் கிழிந்துவிடும். அதை வெந்நீரில் நனைத்து, உருட்டி, திசை மாற்றி மடித்து, மீண்டும் உருட்டிச் சுருக்கிய பிறகே ஃபெல்ட் ஆகிறது. பின்னர் நீராவியில் இளக்கி, தலையின் வடிவில் செதுக்கிய மரக்கட்டையின் மேல் இழுத்துப் பொருத்துவார்கள். வெப்பமும் ஈரமும் கெரட்டினுக்குள் இருக்கும் வலுக்குறைந்த ஹைட்ரஜன் பிணைப்புகளை அவிழ்க்கின்றன; உலர்ந்து குளிரும்போது அவை புதிய இடங்களில் மீண்டும் உருவாகின்றன. கட்டையின் வடிவம் தொப்பியில் நிலைப்பது இப்படித்தான்.

பாணிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இந்தக் கடைசிக் கட்டத்தில் பிறக்கிறது. 1849இல் லண்டனில் தாமஸ், வில்லியம் பௌலர் ஆகிய இருவர் செய்த தொப்பியை எடுத்துக்கொள்வோம். குதிரைமேல் செல்லும் வேட்டைக் காவலர்களின் உயரமான தொப்பிகளைத் தாழ்ந்த கிளைகள் தட்டிவிட்டதால், எட்வர்ட் கோக் என்பவர் தாழ்வான, கடினமான ஒரு தொப்பியைக் கேட்டார். அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசினைக் கரைத்து ஃபெல்ட்டில் ஊற வைத்தால் அது ஓடு போல விறைத்துவிடும். அரைக்கோள வடிவம் மேலிருந்து விழும் அடியைச் சுற்றிலும் பரப்பிவிடும். இவ்விரண்டும் சேர்ந்ததுதான் பௌலர். ஃபெடோரா இதற்கு நேர்மாறானது. 1882இல் பாரிஸில் மேடையேறிய ஒரு நாடகத்தின் கதாநாயகியால் இந்தப் பெயர் வந்தது. அரக்கைக் குறைத்து மென்மையாக விட்டதனால்தான் அதன் உச்சியில் பள்ளமும் முன்புறம் விரல்களால் கிள்ளியது போன்ற குழிகளும் சாத்தியமாயின. அந்தக் குழிகளைப் பிடித்தே தொப்பியைக் கழற்றுபவர்கள் உண்டு. நாளடைவில் ஃபெல்ட் விரிசல் விடுவதும் சரியாக அந்த இடத்தில்தான். 1865இல் பிலடெல்பியாவில் ஜான் ஸ்டெட்சன் என்ற தொப்பிக்காரர் அமெரிக்கச் சமவெளிகளுக்காக அகன்ற விளிம்பு வைத்த தொப்பியைச் செய்தார். பெரே மட்டும் சற்று வேறு வழியில் வருகிறது: முதலில் கம்பளி நூலால் பெரிதாகப் பின்னி, பிறகு நனைத்துப் பிசைந்து சுருக்குகிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கனவான்கள் அணிந்த பளபளக்கும் உயரத் தொப்பி ஃபெல்ட் என்றே பலரும் நினைக்கிறார்கள். தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. பின்னர், அரக்கு ஏற்றி விறைக்கச் செய்த துணிக்கூட்டின்மேல் பட்டு வெல்வெட் போன்ற துணியை ஒட்டும் முறை பீவர் ஃபெல்ட்டை வெளியேற்றியது. பீவர்களுக்கு இந்த மாற்றம் தாமதமாகவே வந்தது; 1900 வாக்கில் ஐரோப்பிய, ஆசியப் பீவர்களில் ஏறத்தாழ 1,200 மட்டுமே மிஞ்சியிருந்தன.

வெயிலுக்கான தொப்பிகளின் கணக்கே தனி. தாவர நாரில் செதில்கள் இல்லை. அதை எவ்வளவு பிசைந்தாலும் ஃபெல்ட் ஆகாது. நெய்துதான் ஆக வேண்டும். பெயரை நம்பி ஏமாறத் தேவையில்லை: பனாமா தொப்பி பிறந்த நாடு ஈக்வடார். பனாமா வழியாக அனுப்பப்பட்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. டோகியா என்ற செடியின் இளம் இலைகளை இழைகளாகக் கிழித்து, கொதிக்க வைத்து உலர்த்தி, உச்சியின் நடுவில் தொடங்கி வட்டமாக வெளிநோக்கி நெய்கிறார்கள். இந்த நெசவை யுனெஸ்கோ 2012இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. விளிம்பு நிழல் தருகிறது. இழைகளின் இடைவெளி வியர்வை ஆவியாகக் காற்றை விடுகிறது.

மழையில் நனைந்த ஃபெல்ட் தொப்பியை அடுப்பருகே வைக்கக் கூடாது என்று தொப்பிக்காரர்கள் சொல்வதன் காரணம் இப்போது விளங்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் பட்டறையில் நடந்தது மறுபடியும் நடக்கத் தொடங்கும். மரக்கட்டை உள்ளே இல்லாததால் தொப்பி தன் போக்கில் சுருங்கிவிடும். நிழலில், காற்றில் உலரவிடுவதே முறை. இயந்திரத்தில் துவைக்கலாம் என்று விற்கப்படும் கம்பளி உடைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. குளோரினால் செதில்களை அரித்து, எஞ்சியவற்றின்மேல் மெல்லிய பிசின் பூசிவிடுகிறார்கள். அந்தக் கம்பளியைக் கொடுத்தால் எந்தத் தொப்பிக்காரராலும் அதை ஃபெல்ட் ஆக்க முடியாது.