முதல் வீட்டுக் கடன்: எந்தக் காப்பீடு தேவை, எதை மறுக்கலாம்?

வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடப் போனால், முதலில் ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து முன்னால் வைப்பார்கள். பென்சிலில் டிக் போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து. அந்தக் கட்டின் நடுவே ஓர் ஆயுள் காப்பீட்டு விண்ணப்பமும் இருக்கும். “இது லோனோட வர்றது சார், எல்லாருக்கும் போடுறதுதான்” என்று பக்கத்தைத் திருப்புவார்கள். கடன் கையில் கிடைத்தால் போதும் என்று உட்கார்ந்திருப்பவர் அந்த நேரத்தில் கேள்வி கேட்பது அபூர்வம்.

தாராளமாகக் கேட்கலாம். வீட்டுக் கடன் வாங்குபவர் ஆயுள் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கியும் சொல்லவில்லை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயும் சொல்லவில்லை. சொல்லப்போனால் விதி நேர் எதிர். வங்கிச் சேவையையும் காப்பீட்டு விற்பனையையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ முடிச்சுப் போடக் கூடாது, இந்த நிறுவனத்தின் பாலிசியைத்தான் வாங்க வேண்டும் என்று வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

அதனால் காப்பீடே வேண்டாம் என்று ஆகிவிடாது. சம்பாதிப்பவர் ஒருவர், அவரை நம்பி மூன்று பேர், 20 வருடக் கடன் என்றால் காப்பீடு இல்லாமல் வீடு வாங்குவது அசட்டுத் துணிச்சல். என் கருத்து இதுதான்: கடன் ஒரு முடிவு, காப்பீடு இன்னொரு முடிவு. இரண்டையும் ஒரே மேஜையில், ஒரே நாளில், ஒரே ஆளிடம் எடுக்காதீர்கள்.

கையில் எவ்வளவு வேண்டும்

முதல் முறை வாங்குபவர்கள் பெரும்பாலும் கணக்குத் தவறும் இடம் இது. வீட்டின் மதிப்பில் எத்தனை சதவீதம் வரை கடன் தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. கடன் 30 லட்சம் வரை என்றால் 90 சதவீதம், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கும் மேல் 75 சதவீதம். இது அதிகபட்சம்தான், உங்கள் சம்பளத்தையும் வங்கி பார்க்கும்.

பலரும் கவனிக்காத விஷயம், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்பில் சேராது என்பது. வீட்டின் விலை 10 லட்சத்துக்குள் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. தமிழ்நாட்டில் 50 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வங்கி அதிகபட்சம் 40 லட்சம் தரலாம். மீதி 10 லட்சம் உங்கள் கைப்பணம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அது 4.5 லட்சம். அதுவும் உங்கள் கையிலிருந்துதான். சட்டக் கருத்து, மதிப்பீடு, கடனுக்கான எம்ஓடி (மூலப் பத்திரங்களை ஒப்படைத்து அடமானம் வைக்கும் ஆவணம்) பதிவு, வீடு மாற்றும் செலவு எல்லாம் இதற்கு அப்புறம்.

இந்த நெருக்கடியில்தான் “பிரீமியத்தைக் கடனோடயே சேர்த்துடலாம், கையிலிருந்து ஒண்ணும் போகாது” என்ற பேச்சு இனிக்கும்.

கேஎஃப்எஸ் என்ற காகிதம்

2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குத் தரும் எல்லாத் தவணைக் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். வங்கியில் கேஎஃப்எஸ் என்றால் புரியும். கடனாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதி, அதனால் தமிழில் கேட்பதில் தப்பே இல்லை. கடன் தொகை, தவணை, வட்டி எப்படி மாறும், என்னென்ன கட்டணம் என்று எல்லாம் அதில் வந்துவிடும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது.

அதில் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஏபிஆர் என்ற எண்ணை. விளம்பரத்தில் வரும் வட்டி வேறு, ஏபிஆர் வேறு. செயலாக்கக் கட்டணம், சட்டக் கட்டணம், வங்கி வசூலித்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டும் பிரீமியம் எல்லாவற்றையும் சேர்த்து, ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்று காட்டுவது அது. அதனால் காப்பீட்டோடு ஒரு கேஎஃப்எஸ், காப்பீடு இல்லாமல் ஒரு கேஎஃப்எஸ் என்று இரண்டு கேளுங்கள். வீட்டுக் கடன் மாதிரியான நீண்ட காலக் கடன்களுக்கு அந்த அறிக்கை குறைந்தது மூன்று வேலை நாள் செல்லுபடியாக வேண்டும். அதற்குள் நீங்கள் ஒப்புக்கொண்டால் அதில் உள்ள நிபந்தனைகள் வங்கியைக் கட்டுப்படுத்தும். வீட்டுக்கு எடுத்துப் போய் நிதானமாகப் படித்துவிட்டு வரலாம்.

வங்கி தரும் பாலிசியா, தனி டேர்ம் பாலிசியா

கடனோடு விற்கப்படுவது பெரும்பாலும் குழு பாலிசி, அதாவது கடனாளிகள் பலரையும் ஒன்றாகச் சேர்க்கும் ஒரே பாலிசி. முழு பிரீமியத்தையும் ஒரே தடவையாக வாங்கிக் கடனில் ஏற்றிவிடுவார்கள். 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று போட்டுப் பாருங்கள். 1.5 லட்சம் பிரீமியம் கடனில் ஏறினால் தவணை மாதம் சுமார் 1,302 ரூபாய் கூடும். 240 மாதத்தில் நீங்கள் அதற்காகக் கட்டுவது ஏறக்குறைய 3.12 லட்சம். தவணையில் கரைந்துவிடுவதால் இந்தத் தொகை கண்ணில் படுவதே இல்லை.

வரியிலும் வித்தியாசம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. குழு பாலிசிகளுக்கு அந்த விலக்கு இல்லை.

ஆனால் இந்தப் பாலிசியில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது விலை அல்ல, காப்பீட்டுத் தொகை இறங்கும் விதம். கடன் குறையக் குறைய காப்பும் குறையும் என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும். குறைவது எந்த அட்டவணைப்படி? இப்படிப்பட்ட பாலிசிகளில் வழக்கமாக, கடன் தொடங்கிய நாளில் போட்ட அட்டவணைப்படி. உங்கள் கடனோ மாறும் வட்டியில் இருக்கிறது.

30 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம்: தவணை சுமார் 26,035. தொடங்கிய கொஞ்ச நாளிலேயே வட்டி 9.5 ஆகி, தவணை மாறாமல் காலம் மட்டும் நீண்டால், கடன் முடிய 25 வருடத்துக்கு மேல் ஆகும். 20-ஆவது வருடம் காப்பீடு பூஜ்யத்துக்கு வந்து நிற்கும். கடனில் 13 லட்சத்துக்கு மேல் பாக்கி இருக்கும். வட்டி அதற்கு நடுவே இறங்கவும் கூடும், அது வேறு. ஆனால் அட்டவணைக் காப்பீடு வாங்குபவர் இந்த இடைவெளியைத் தெரிந்துதான் வாங்க வேண்டும்.

இந்த இடத்தில் இன்னொரு விதியும் கை கொடுக்கும். 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதா என்று உங்களிடம் கேட்க வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை கட்டிய அசல், வட்டி, மீதித் தவணைகள் காட்டும் அறிக்கையும் தர வேண்டும். கேட்டு வந்த செய்தியைக் கவனிக்காமல் விட்டால் காலம்தான் நீளும் என்று எதிர்பார்க்கலாம். முடிந்தவரை தவணையைக் கூட்டச் சொல்லுங்கள்.

டேர்ம் பாலிசி என்பது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு. தனியாக எடுக்கும் டேர்ம் பாலிசியில் தொகை இறங்காது. கடனை வேறு வங்கிக்கு மாற்றினாலும் பாலிசி உங்களோடு வரும். பணம் வங்கிக்குப் போகாமல் நாமினிக்குப் போகும். கடனை உடனே அடைப்பதா, தவணையைத் தொடர்வதா என்று குடும்பமே முடிவு செய்யலாம். திருமணமான ஆண், 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவி, குழந்தைகள் பெயரில் பாலிசி எடுத்தால் அந்தத் தொகையில் கடன் கொடுத்தவர்கள் கை வைக்க முடியாது. ஏற்கெனவே போதுமான டேர்ம் பாலிசி இருப்பவர் வங்கியில் அதைக் காட்டிவிட்டு, புதியது வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்துவிடலாம்.

குழு பாலிசிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. வயது, உடல்நிலை காரணமாகத் தனி பாலிசி கிடைக்காதவருக்கு அது கிடைக்கக்கூடும். அப்படி எடுத்தால் உடல்நலக் கேள்விகளுக்கு வங்கி ஊழியர் ‘இல்லை, இல்லை’ என்று டிக் அடிக்க விடாதீர்கள். சர்க்கரை இருந்தால் இருக்கிறது என்றே எழுத வேண்டும். பாலிசி தொடங்கி மூன்று வருடம் வரை, மறைத்தார் என்று சொல்லி உரிமைத் தொகையை மறுக்கக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு இடம் தருகிறது. அப்போது வாதாட வேண்டியது உங்கள் குடும்பம்.

கணவனும் மனைவியும் சேர்ந்து கடன் வாங்கினால் காப்பீடு ஒருவர் மேல் மட்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருவர் சம்பளத்தையும் நம்பித்தான் கடன் தொகையே முடிவாகியிருக்கும்.

சரி, ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று, இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால்? தனிநபர் பாலிசியாக இருந்தால், ஆவணம் கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். காப்பில் இருந்த நாட்களுக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் போக மீதியைத் தர வேண்டும். குழு பாலிசி என்றால் உங்களுக்குத் தந்த காப்பீட்டுச் சான்றிதழில் திருப்பித் தரும் விதி எழுதியிருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். கடனை முன்கூட்டியே முடிக்கும்போதும் மீதிக் காலத்துக்கு ஏதாவது திரும்ப வருமா என்று அதே சான்றிதழில் பார்த்து, எழுத்தில் கேளுங்கள்.

வீட்டுக்கான காப்பீடு

இது வேறு கதை. அடமானமாக இருக்கும் கட்டடம் தீ, வெள்ளத்துக்குக் காப்பீடு செய்யப்பட வேண்டும் என்று கடன் ஒப்பந்தத்தில் நிபந்தனை இருந்தால், அது நியாயமான நிபந்தனை. எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பதுதான் உங்கள் விருப்பம்.

2021 ஏப்ரல் 1 முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான பாலிசியை வீட்டுக் காப்பீடு விற்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தந்தாக வேண்டும். எந்த நிறுவனத்திலும் அடிப்படை விதிகள் ஒன்றே, அதனால் விலையை ஒப்பிடுவது சுலபம். தீ, இடி மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், கலவரம் எல்லாம் அடக்கம். 2015-லும் 2023-லும் டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

தொகையைத் தீர்மானிப்பதில்தான் தடுமாற்றம். 60 லட்சம் கொடுத்து வாங்கிய அடுக்ககத்தை 60 லட்சத்துக்குக் காப்பீடு செய்ய வேண்டியதில்லை. அந்த விலையில் நிலத்தின் பங்கும் அடக்கம், நிலம் எரியாது. திரும்பக் கட்ட ஆகும் செலவே கணக்கு. 800 சதுர அடி, அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 20 லட்சம். அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே காப்பு உண்டு. நகை அதில் வராது, தனியாகச் சேர்க்க வேண்டும்.

வட்டி மானியம்

பிரதமர் வீட்டு வசதித் திட்டம் நகர்ப்புறம் 2.0-இல், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்து, நாட்டில் எங்கும் பக்கா வீடு இல்லாதவர்களுக்கு வட்டி மானியம் உண்டு. 2024 செப்டம்பர் 1 அல்லது அதற்குப் பிறகு அனுமதியாகி வழங்கப்பட்ட கடனாக இருக்க வேண்டும். வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள். முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம், ஐந்து ஆண்டுத் தவணைகளில் அதிகபட்சம் 1.80 லட்சம். மானியம் விடுவிக்கும் நேரத்தில் கடன் நடப்பில் இருந்து, அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். அதனால் கையில் பணம் வந்தவுடன் கடனை வேகமாக அடைக்க நினைப்பவர் இந்த ஐந்து வருடத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்றபடி முன்கூட்டி அடைப்பதற்குத் தடையே இல்லை. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனுக்கு முன்கூட்டி அடைத்தல் கட்டணம் வாங்கக் கூடாது. நிலையான வட்டிக் கடனுக்கு இந்தச் சலுகை பொருந்தாமல் போகலாம், ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

பிரச்சினை வந்தால்

காப்பீடு வேண்டாம் என்றதும் கடன் இழுத்தடிக்கப்பட்டால், வாய்ப்பேச்சை விட்டுவிட்டு, ‘காப்பீடு எடுத்தால்தான் கடன் என்பது உங்கள் நிபந்தனையா, எழுத்தில் தெரிவிக்கவும்’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அப்படி எழுத்தில் தர யாருக்கும் கை வராது. வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. வீட்டு வசதி நிதி நிறுவனம் என்றால் புகார் தேசிய வீட்டு வசதி வங்கிக்கு. பாலிசி பற்றிய புகாருக்கு ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளம்.

கடனை முழுதாக அடைத்த பின் மூலப் பத்திரங்களை 30 நாளுக்குள் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் வாங்கியதோடு நிற்காமல் எம்ஓடியை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அது பதிவானால்தான் வில்லங்கச் சான்றில் கடன் முடிந்தது என்று தெரியும்.