ஐ.ஆர். பொருத்த எண்ணைத் தூய்மைச் சான்றாகக் கொள்ளாதீர்கள்

இருமல் மருந்து தயாரிப்பதற்காக வாங்கிய, மருந்தைக் கரைக்கும் திரவமான புரோப்பிலீன் கிளைக்காலின் மாதிரி ஒன்று அண்மையில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. அகச்சிவப்பு (ஐ.ஆர்.) நிறமாலையை ஏற்கெனவே எடுத்துவிட்டதாகவும், கணினி 98 சதவீதம் பொருத்தம் காட்டியதாகவும், எனவே கலவையின் கூறுகளைப் பிரித்து ஒவ்வொன்றையும் அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபி இல்லாமலே அறிக்கை தந்தால் போதும் என்றும் உடன் வந்த கடிதம் சொன்னது. இந்தக் கோரிக்கையை இனியும் தொலைபேசியில் ஒவ்வொருவராக மறுத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

மூலக்கூறின் பிணைப்புகள் தத்தம் அதிர்வுக்கு ஒத்த அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுகின்றன. ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்–ஹைட்ரஜன்) தொகுதி அலையெண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) 3300-ஐ ஒட்டி அகன்ற பட்டையாகவும், கார்போனைல் (கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) 1700-ஐ ஒட்டிக் கூர்மையாகவும் தெரியும். 1500-க்குக் கீழுள்ள பகுதி சேர்மத்துக்குச் சேர்மம் வேறுபடும். மாதிரியைப் படிகத்தின் மேல் வைத்தே நிறமாலை எடுக்கும் ஏ.டி.ஆர். கருவியின் வைரப் படிகத்தில் ஒரு சொட்டு வைத்தால், பீப்பாயில் ஒட்டியிருக்கும் பெயரும் உள்ளே இருக்கும் பொருளும் ஒன்றுதானா என்பது ஓரிரு நிமிடங்களில் தெரிந்துவிடும். அந்தப் பணிக்கு இது அருமையான கருவி.

ஆனால் 98 என்ற எண் தூய்மையின் அளவு அன்று. மென்பொருள் உங்கள் மாதிரியின் வளைகோட்டையும் கணினியில் சேமித்துவைத்த நிறமாலை நூலகத்தில் உள்ள வளைகோட்டையும் ஒப்பிட்டு, இரண்டின் வடிவமும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று கணக்கிடுகிறது; பொருளில் எத்தனை பங்கு கலப்படம் என்று அது கணக்கிடுவதே இல்லை. படிகத்தைச் சரியாகத் துடைக்காவிட்டாலோ, ஏ.டி.ஆர். நிறமாலையை ஊடுகடத்தல் முறையில் (கதிரை மாதிரியின் ஊடே செலுத்தி) எடுத்த நூலகத்தோடு ஒப்பிட்டாலோ, தூய பொருளுக்கும் எண் குறையும். கலப்படம் இருந்தும் எண் உயர்ந்தே நிற்பதுதான் ஆபத்தானது. கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால், நச்சான டைஎத்திலீன் கிளைக்கால் ஆகிய மூன்றிலும் ஹைட்ராக்சில் தொகுதிகளும் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்புகளும் இருப்பதால் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. சிறிதளவு நஞ்சு பெரும்பான்மைப் பொருளின் பட்டைகளுக்கு அடியில் மறைந்துவிடும். அனுமதிக்கப்படும் வரம்போ 0.1 சதவீதம். அந்த அளவை வழக்கமான ஐ.ஆர். அடையாளச் சோதனையில் தேடுவது வீண் வேலை. இதனால்தான் மருந்துத் தர விதிகளின் நூலான அமெரிக்க பார்மகோப்பியா, கிளிசரினுக்கும் புரோப்பிலீன் கிளைக்காலுக்கும் ஐ.ஆருடன் கேஸ் குரோமட்டோகிராஃபியையும் அடையாளச் சோதனையின் பகுதியாகவே வைத்திருக்கிறது.

சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் இந்த டைஎத்திலீன் கிளைக்கால் 1937-இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்றது. 1973-இல் சென்னையில் 14 குழந்தைகளும், 1986-இல் மும்பை மருத்துவமனை ஒன்றில் 14 நோயாளிகளும் இதனால் இறந்தார்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது, அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை கண்டறிந்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சோதனையைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுங்கள். ஒரே லாரியில் வந்தவை என்பதால் எல்லாம் ஒரே தயாரிப்புத் தொகுதியாகிவிடாது. விற்பனையாளர் தரும் பகுப்பாய்வுச் சான்றிதழை உங்கள் சோதனைக்கு மாற்றாக வைக்காதீர்கள். இடைத்தரகர் தாளில் பெயரை மட்டும் மாற்றி அச்சடித்துத் தந்ததையும் பார்த்திருக்கிறோம். கருவியின் அளவீட்டைச் சோதிக்கப் பயன்படும் பாலிஸ்டைரீன் படலத்தின் 1601 அலையெண் பட்டை உரிய இடத்தில் விழுகிறதா என்று சரிபார்க்காமல் ஐ.ஆர். கருவியைத் தொடவே வேண்டாம். பொருத்த எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்திடாமல், வளைகோட்டைக் கண்ணால் ஒப்பிடுங்கள். உங்களிடம் கேஸ் குரோமட்டோகிராஃப் இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை அந்தப் பீப்பாய்களைப் பூட்டிய அறையில் தனியே வையுங்கள். தயாரிப்பு எத்தனை நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, தயவுசெய்து அதுவரை அவற்றைத் திறந்து கலவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.