கத்தரிக்கோலைச் சிக்கவைக்கும் கடற்பாசி

வடக்கு அயர்லாந்தின் பாலிகாசில் ஊரில் ஆகஸ்டு கடைசியில் லாமஸ் சந்தை கூடும். அங்கே கருஞ்சிவப்பு வற்றல் போன்ற ஒன்றைப் பொட்டலம் போட்டு விற்பார்கள். பெயர் டல்ஸ். கடலோரப் பாறைகளில் வளரும் பாசியைப் பறித்து உலர்த்தியது. அப்படியே வாயில் போட்டு மெல்லலாம், உப்புக் கரிக்கும். நம்மூர்க் கருவாடு மாதிரி, பழகியவருக்குத்தான் அதன் ருசி பிடிபடும்.

காய்ந்த டல்ஸின் எடையில் 8 முதல் 35 சதவீதம் வரை புரதம். பறிக்கும் மாதத்தைப் பொறுத்து இது ஏறி இறங்கும். அந்தச் சிவப்பு நிறத்தைத் தருவதே ஃபைக்கோஎரித்ரின் என்ற புரதம்தான். அயர்லாந்தின் லிமரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டல்ஸ் புரதத்தை நொதிகளால் (என்சைம்களால்) துண்டு துண்டாக்கி, சர்க்கரை நோய்க்கு உதவக்கூடிய மூன்று சின்னத் துண்டுகளை அடையாளம் கண்டதாக 2015இல் வெளியிட்டார்கள். முழுப் புரதத்தால் ஆகாதது துண்டால் எப்படி ஆகும்? அதற்கு முதலில் நம் குடலுக்குள் போக வேண்டும்.

சாப்பாடு வந்து சேர்ந்ததும் குடல் சுவரில் இருக்கும் சில செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. சர்க்கரை ஏறப்போகிறது, இன்சுலினை விடு என்று கணையத்துக்கு அது ஆள் அனுப்புவது போல. இரைப்பை காலியாவதையும் அது மெதுவாக்கும். போதும், எழுந்திரு என்று மூளைக்கும் சொல்லும். குளுக்கோஸை நேராக ரத்தத்தில் ஏற்றினால் சுரப்பதைவிட, வாயால் குடித்தால் இன்சுலின் அதிகம் சுரக்கிறது என்பதை 1960களிலேயே கவனித்திருந்தார்கள். குடல் அனுப்பும் இதுபோன்ற ஹார்மோன் செய்திகள்தான் அதற்குக் காரணம்.

ஆனால் செய்தி கொண்டுபோகும் ஆளுக்கு ஆயுள் ஒன்றிரண்டு நிமிடம்தான். புரதம் எல்லாமே அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த சரம்தான்; ஜிஎல்பி-1இல் அப்படி 30 மணிகள். டிபிபி-4 என்ற நொதி அதன் முனையிலிருந்து முதல் இரண்டு மணிகளைக் கத்தரித்துவிடும். அதோடு ஹார்மோனின் வேலை முடிந்தது. இந்தக் கத்தரிக்கோல் இரண்டாவது மணியைப் பார்த்துத்தான் வெட்டும்: அங்கே அலனின் அல்லது புரோலின் என்ற அமினோ அமிலம் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். ஜிஎல்பி-1இல் இரண்டாவது மணி அலனின்.

இதைத் தடுக்க இரண்டு வழி. ஒன்று, சரத்தையே மாற்றுவது. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா பல்லியின் நச்சு எச்சிலில் ஏறக்குறைய ஜிஎல்பி-1 போலவே வேலை செய்யும் ஒரு சரம் இருக்கிறது. அதில் இரண்டாவது மணி கிளைசின் என்பதால் கத்தரிக்கோல் திணறுகிறது. 2005இல் வந்த எக்ஸெனடைடு ஊசி அதிலிருந்து பிறந்தது. இப்போது உடல் எடைக்காகப் பேசப்படும் செமாகுளுடைடிலும் அதே இரண்டாவது மணியைத்தான் மாற்றியிருக்கிறார்கள்.

இன்னொரு வழி, கத்தரிக்கோலையே சிக்கவைப்பது. வீட்டில் சுகர் மாத்திரை டப்பா இருந்தால் எடுத்துப் பாருங்கள். சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் என்று ‘கிளிப்டின்’ என முடியும் பெயர் இருந்தால், அது இந்த வேலைக்கானது. டல்ஸ் துண்டுகளும் இதே அணிதான். இரண்டு துண்டுகளில் நான்கு நான்கு மணிகள்; இரண்டுமே அலனின், புரோலின் என்று முடிகின்றன. மூன்றாவதில் ஏழு மணிகள், இரண்டாவது மணி அலனின். கத்தரிக்கோலுக்குப் பிடித்த மணிகளே திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள்.

சரி, அப்படியானால் மாத்திரைக்குப் பதில் பாசியா? அவசரப்பட வேண்டாம். சோதனைக் குழாயில் நொதியின் வேகத்தைப் பாதியாகக் குறைக்க, மூன்றில் சிறந்த துண்டுக்கே சிட்டாகிளிப்டினைவிட 2,000 மடங்குக்கு மேல் அடர்த்தி தேவைப்படுகிறது. அப்புறம், இந்தத் துண்டுகளும் புரதம்தானே? வயிற்றிலும் குடலிலும் எத்தனையோ நொதிகள் காத்திருக்கின்றன. துண்டு சின்னதாகவும் உள்ளே புரோலினோடும் இருந்தால் தப்பிக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். சர்க்கரை நோய் உண்டாக்கிய சுண்டெலிகளுக்கு டல்ஸ் புரதத் துண்டுகளை வாய்வழி கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை குறைந்தது. ஆனால் சுண்டெலி மனிதரல்ல.

எடை விஷயத்தில் எனக்கு இன்னும் சந்தேகம் அதிகம். கிளிப்டின் மாத்திரைகளே எடையைக் குறைப்பதில்லை. உடம்பே சுரக்கும் ஜிஎல்பி-1ஐ அவை இரண்டு மூன்று மடங்கு உயர்த்தும், அவ்வளவுதான். ஊசி மருந்து தரும் அளவு அதைவிட எவ்வளவோ அதிகம். ஆகவே கடற்பாசிப் புரதம் எடையைக் குறைக்குமென்றால் அது வேறு வழியில்தான் நடக்க வேண்டும்: ஹார்மோன் சுரக்கும் குடல் செல்களைத் தூண்டியோ, எந்தப் புரதமும் தரும் வயிறு நிறைந்த உணர்வாலோ.

வெறுமனே மென்று தின்பதிலும் ஒரு தடை உண்டு. டல்ஸின் செல்சுவரில் இருக்கும் சைலான் என்ற நார்ப்பொருளை நம் நொதிகளால் உடைக்க முடியாது. புரதத்தின் ஒரு பகுதி அதற்குள்ளேயே அடைபட்டுப் போகும். அதனால்தான் ஆய்வகத்தில் முதலில் சுவரை உடைத்துப் புரதத்தை வெளியே எடுக்கிறார்கள். பாசியில் அயோடினும் உப்பும் இருப்பதால் தைராய்டு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கைவைக்கக் கூடாது.

மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் சிவப்பு வகைதான். ஆனால் அது அகர் என்ற ஜெல் பொருளை எடுக்கப் போகிறது. அங்கே விலை பேசப்படுவது ஜெல்லுக்கு, புரதத்துக்கு அல்ல. அயர்லாந்தில் 2014இல் டல்ஸ் புரதத் துண்டுகளை மாவில் கலந்து ரொட்டியாகவே சுட்டுப் பார்த்துவிட்டார்கள். அது ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள ரெனின் என்ற நொதியைத் தடுக்கும் துண்டுகளுக்கான சோதனை. அடுப்புச் சூட்டுக்குப் பிறகும் ரொட்டியில் அந்தத் தடுக்கும் திறன் மிச்சமிருந்தது.