மஞ்சளாகப் பூப்பதெல்லாம் மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லை

புல்தரையை எடுத்துவிட்டுக் கீரையும் மூலிகையும் படரவிடுகிறவர்கள் பெருகியிருப்பது நல்ல செய்தி. ஆனால் 'எங்கள் வீட்டு மஞ்சள் கரிசலாங்கண்ணி' என்று எனக்கு வரும் படங்களில் பெரும்பாலானவை வேறு செடியின் படங்கள். இந்த வாரமும் ஒன்று வந்தது. அதைத் தினமும் பறித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் இனியும் பொறுக்க முடியவில்லை.

அது வெடேலியா. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த அழகுக்கொடி; உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் உள்ளது. மஞ்சள் கரிசலாங்கண்ணியும் அதுவும் ஒரே பேரினம் என்பதால் பூ ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பூவை விடுங்கள், இலையைப் பாருங்கள். வெடேலியா இலை தடித்துப் பளபளக்கும். இரு பக்கமும் ஒவ்வொரு மடல் பிதுங்கி மூன்று பிரிவாகத் தெரியும். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீண்டு குறுகியிருக்கும், மடல் கிடையாது, தடவினால் சொரசொரக்கும். ஒரே ஒரு இலையை வைத்து முடிவுக்கு வராதீர்கள். வெடேலியாவின் இளந்தளிரில் மடல் தெளிவாக இல்லாமல் போவதுண்டு. முற்றிய இலைகளாகப் பத்தாவது பாருங்கள். கசக்கினால் சாறு கறுக்கும் என்பது வெள்ளைப் பூ பூக்கும் கரிசலாங்கண்ணிக்குச் சொல்லப்படும் அடையாளம். அதைக்கொண்டு மஞ்சளைத் தீர்மானிக்க வேண்டாம். விற்றவர் சொன்ன பெயரும், தொட்டியில் ஒட்டியிருந்த சீட்டும் ஆதாரமே அல்ல.

தவறி நட்டிருந்தால் முழுதாகப் பிடுங்குங்கள். ஒவ்வொரு கணுவும் வேர்விடும் என்பதால் துண்டுகளை எருக்குழியில் போடாதீர்கள். பையில் கட்டி வெயிலில் வைத்து, மொறமொறவென்று காய்ந்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.

பருப்புக்கீரையிலும் இதே குழப்பம் உண்டு. அதன் தண்டு சதைப்பற்றானது, ஒடித்தால் நிறமற்ற நீர் கசியும். கம்பிபோல் மெலிந்த தண்டில் வெள்ளைப் பால் வந்தால் அது தரையோடு படரும் பால்செடி, தின்னக் கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னி வளரும். அதனால்தான் புல்வெட்டும் இயந்திரப் பையில் சேர்ந்ததைச் சமைக்காதீர்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். கையால், ஒவ்வொரு தண்டாகப் பறியுங்கள்.

புல்லை அகற்றக் களைக்கொல்லி தெளித்துவிட்டு அதே இடத்தில் கீரை நடுவது என்ன நியாயம்? கடும் வெயில் காலத்தில் மண்ணை நனைத்து, நிறமற்ற பாலித்தீன் தாளை விளிம்பு மூடி 4 முதல் 6 வாரம் விரித்தாலே பெரும்பாலான புல்லும் விதையும் வெந்துவிடும். கோரை மட்டும் இதற்கு மசியாது. அட்டை பரப்பினாலும் துளைத்துக்கொண்டு வரும். கிழங்குகளைத் தோண்டிப் பொறுக்க வேண்டும், ஒரே முறையில் முடியாது.

நடும் இடைவெளி: பொடுதலைக்கு 25 செ.மீ., வல்லாரைக்கு 15 முதல் 20 செ.மீ. பருப்புக்கீரை விதையை மணலோடு கலந்து மேலாகத் தூவினால் போதும். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும், மண்ணால் மூடிவிட்டு 'விதை சரியில்லை' என்று சொல்லாதீர்கள். நடமாடும் இடத்துக்குப் பொடுதலை தாங்கும். பூக்கும்போது தேனீ மொய்க்கும், வெறுங்காலோடு நடக்காதீர்கள். வல்லாரைக்கு ஈரமும் அரைநிழலும் வேண்டும், மிதி ஆகாது. புதினாவைத் தடுப்பு வைக்காமல் விட்டால் பக்கத்துச் செடியையெல்லாம் விழுங்கிவிடும்.

அழகுச்செடிகளோடு வளர்த்து விற்கப்படும் நாற்றுகளில், செடி முழுதும் ஊடுருவிப் பாயும் பூச்சிக்கொல்லி இருக்கலாம். முதல் தழையை உண்ணாமல் வெட்டி எறிந்துவிட்டு, சில மாதம் கழித்து வரும் புதுத் துளிரிலிருந்து பதியம் போடுங்கள். சாக்கடை, சலவைநீர், கழிவுத்தொட்டிக் கசிவு பாயும் இடத்தில் வல்லாரையும், ஈரத்தில் படரும் மூலிகையான நீர்ப்பிரமியும் வேண்டவே வேண்டாம். இரண்டும் கன உலோகங்களை இழுத்துச் சேர்க்கும். கழுவினால் அது போகாது. பழைய சுவரிலிருந்து ஈயம் கலந்த பெயின்ட் உதிரும் மண்ணும் அப்படித்தான். நாய், பூனை உலவும் பகுதியில் பச்சையாக உண்பதை நடாதீர்கள். உருண்டைப்புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

அளவைப் பற்றியும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வாசலிலேயே கிடைக்கிறது என்பதற்காகத் தினமும் சாறு பிழிந்து குடிக்காதீர்கள். வல்லாரையை வாரக்கணக்கில் தொடர்ந்து உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. பருப்புக்கீரையிலும் புளியாரையிலும் ஆக்சலேட் மிகுதி. சிறுநீரகக் கல் வந்தவர்கள் இரண்டையும் தவிர்ப்பது நல்லது. மற்றவர்கள் பருப்புக்கீரையை வேகவைத்து நீரை வடித்து எப்போதாவது உண்ணலாம். கருவுற்றவர்களும் நாள்பட்ட மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மூலிகையில் கைவைக்கும் முன் தங்கள் மருத்துவரிடம் செடியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் கிளையையே ஒடித்துக் கொண்டுபோய், செடிகளை அறிந்த ஒருவரிடம் முதலில் காட்டுங்கள்.