பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கவிதை ஏன் வருகிறது?

"எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட வராது. பஸ்ஸுக்கு நிற்கும்போது தானாக வருகிறது. ஏன்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கலைவாணியின் கடாட்சம் என்பார்கள் சிலர். வலப்பக்க மூளையின் வேலை என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே விளக்கம் ஆகாது.

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம். செலவழிக்கும் ஆற்றலோ 20 சதவீதம். மும்முரமாக ஒரு கணக்குப் போட்டாலும் அந்தச் செலவு பெரிதாகக் கூடுவதில்லை. அப்படியென்றால் சும்மா இருக்கும்போதும் உள்ளே பெரிய வேலை நடக்கிறது.

அதைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1990களின் பெட் ஸ்கேன் (PET, மூளையின் எந்தப் பகுதி உழைக்கிறது என்று காட்டும் படம்) ஆய்வுகளில், ஆளைப் படுக்கவைத்து, சொற்களைப் படிக்கச் சொல்லி ஒரு படம் எடுப்பார்கள். அப்புறம் சும்மா இருக்கச் சொல்லி இன்னொரு படம். முதல் படத்திலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது, படிப்பதற்கு உழைத்த பகுதி. சும்மா இருந்த படம் கழிப்பதற்கு மட்டும்தான். ஆனால் சில இடங்களில் விடை மைனஸில் வந்தது! வேலை கொடுத்ததும் அந்த இடங்கள் அடங்கியிருந்தன. வேலையை மாற்றிப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே இடங்கள்: நெற்றிக்குப் பின்னால் நடுவில், பின்மண்டைப் பக்கம் நடுவில், இரு காதுகளுக்கும் மேலே சற்றுப் பின்னால். செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் ரெய்க்ல் குழு 2001இல் இதை மூளையின் இயல்புநிலைச் செயல்பாடு என்று அறிவித்தது. உடனடிப் பயன் என்ன என்று கேட்டே ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குபவர்கள் இதை யோசிக்க வேண்டும். யாரும் தேடிப்போகாத விடை இது.

பழைய நினைவுகளைக் கிளறுவது, நாளையைக் கற்பனை செய்வது எல்லாம், இந்த இடங்கள் ஒன்றுசேர்ந்து இயங்கும் வலையமைப்பின் வேலை. எதிரே டீக்கடையில் ஆற்றும் டீ நீளமாக இறங்குகிறது. எப்போதோ களத்தில் பாட்டி தூற்றிய நெல் நினைவுக்கு வருகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு உவமை.

2022இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேராகவே சோதித்தது. மூளை அறுவை சிகிச்சையின்போது விழித்திருந்த நோயாளிகளிடம், ஓர் அன்றாடப் பொருளை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டார்கள். இந்த வலையமைப்பை லேசான மின்சாரத்தால் குறுக்கிட்டபோது, அவர்கள் சொன்ன யோசனைகள் குறைந்தன.

சரி, யோசனை வந்தால் போதுமா? தேறுவதைப் பொறுக்க வேண்டும். அது கவனத்தை ஆளும் இன்னொரு வலையமைப்பின் வேலை. வழக்கமாக ஒன்று எழுந்தால் மற்றது அடங்கும். படைப்பாற்றல் மிகுந்தவர்களிடம் இவற்றுக்கு இடையேயான தொடர்பு வலுவாக இருப்பதை ரோஜர் பீட்டி குழு 2018இல் காட்டியது. எழுத உட்கார்ந்ததும் பொறுக்குகிறவர் முந்திக்கொள்கிறார் என்பது என் கணிப்பு. நிறுத்தத்தில் போனை எடுத்தாலும் கவனம் வெளியே போய்விடுகிறது.

இப்படி யோசனை கேட்கும் சோதனையின் நடுவே, இடைவேளையில் சுலபமான வேலை செய்தவர்களுக்குப் புதிய யோசனைகள் கூடின என்று 2012இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னால் செய்து பார்த்தவர்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. அதனால் காத்திருப்பைக் கவிதைக்கான உத்தியாக விற்கும் பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள். வந்த வரியை பஸ் வருவதற்குள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.